டெட்டால் வாசனையோடு ஒரு மாப்பிள்ளை

தாலி கட்டி முடித்து நாங்கள் இருவரும் ஆல்டரின் முன்னால் முழங்கால் போட்டிருந்தோம். பாடகர் குழு எழுந்து நின்று பாட ஆரம்பித்தது. ரோஜா மாலையின் ஈர வாசனை, மெழுகுவத்தி, டேனியலின் புதுக் கோட்டிலிருந்து வந்த துணிக்கடை வாசனை. இவற்றுக்கெல்லாம் அடியில் மெல்லிசாக இன்னொன்று.

டெட்டால்.

எனக்குச் சம்பளம் கொடுக்கிற வாசனை அது. தூக்கத்தில்கூடத் தப்பாது. தலையைக் குனிந்தபடியே கேட்டேன்.

"உங்க மேல டெட்டால் வாசனை வருது."

"சோப்பு."

"சோப்பு எனக்குத் தெரியும். இது பாட்டில்."

பாட்டு இரண்டாவது சரணத்துக்குப் போனது. அப்போதுதான் கவனித்தேன். ஒரு முழங்கால்தான் தரையில் இருந்தது. இன்னொரு காலை லேசாகத் தூக்கிப் பிடித்திருந்தார்.

"காலையில சின்னதா ஒரு நாய்," என்றார் சிலுவையைப் பார்த்தபடி.

"சின்னதா கடிச்சுதா, இல்ல நாய் சின்னதா?"

"நாய்தான் சின்னது."

"ரத்தம் வந்துதா?"

மூன்றாவது சரணம்.

"கொஞ்சம்."

ஆயர் எங்களை ஆசீர்வதிக்கக் கைகளை உயர்த்தினார். கண்ணை மூடி ஜெபிக்க வேண்டிய நேரத்தில் நான் கண்ணை மூடி யோசித்ததெல்லாம் ஒன்றுதான். இன்று வெள்ளிக்கிழமை. எங்கள் ஆஸ்பத்திரியில் என்னோடு நர்ஸாக இருக்கும் லதா பகல் டியூட்டி. ஃபிரிட்ஜில் மருந்து இருக்கும்.

மாப்பிள்ளை யார்

இந்தத் தொடரில் விடுதிச் சாம்பார், வார்டில் திருடு போன வீல்சேர் என்று எதை எதையோ எழுதிவிட்டேன். சென்ற வாரம் தாம்பரம் மார்க்கெட்டில் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு அம்மா என்னை அடையாளம் கண்டு, "உங்க கல்யாணத்தப் பத்தி ஒரு வரியும் காணோமே மேடம்," என்று உரிமையோடு கேட்டார். ஆகவே இந்த வாரம் கல்யாணம்.

டேனியல் சேலையூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர். கழுத்தில் விசில், கபடி ஆடிய தோள்கள். பெண் பார்க்க வந்தபோது எங்கள் வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலி அவருக்குக் கீழே முனகியது. நிச்சயம் ஆன பிறகு போனில் நிறையப் பேசினோம். எனக்குப் பாம்பு பயம், பல்லி பயம், பரணில் ஏறப் பயம் என்று எல்லாவற்றையும் ஒப்பித்தேன். "உங்களுக்கு?" என்று கேட்டால், "அப்படி ஒண்ணும் இல்லையே," என்பார்.

ஒன்று இருந்தது. அது கல்யாணத்தன்று காரில்தான் தெரிந்தது.

மண்டபம் இந்தப் பக்கம், ஆஸ்பத்திரி அந்தப் பக்கம்

சர்ச் வாசலில் அரிசியும் பூவும் தலையில் விழுந்துகொண்டிருந்தபோது நான் டேனியலின் பேன்ட்டைக் கணுக்காலில் பிடித்துத் தூக்கினேன். சுற்றியிருந்தவர்கள் இது ஏதோ புதுச் சடங்கு என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

ஆடுசதையில் பற்கள் பதிந்த இடம் தெளிவாகத் தெரிந்தது. அதன் மேல் மஞ்சள் பூசி, ஒரு கைக்குட்டையை வைத்துக் கட்டியிருந்தது. காலையில் வழக்கம்போல் ஓடப் போயிருக்கிறார். கல்யாண நாளிலும் ஓட்டம். தெருமுனையில் குட்டி போட்ட நாய் ஒன்றின் பக்கத்தில் போயிருக்கிறார். அந்தக் குட்டிகளில் ஒன்று தன் வேலையைக் காட்டிவிட்டது.

மஞ்சளும் டெட்டாலும் ரூபி ஆன்ட்டியின் கைவண்ணம். டேனியலின் அப்பாவுடைய தங்கை. தாயில்லாத டேனியலை வளர்த்தவர்.

"குட்டி நாய்ம்மா. நம்ம தெருவுலயே பொறந்தது," என்றார் ஆன்ட்டி, என் கையைப் பிடித்துக்கொண்டு. "கல்யாணம் நின்னுடுமோன்னுதான் யார்கிட்டயும் சொல்லல. போட்டோ எடுத்து, சாப்பிட்டு, சாயங்காலமா போய்க்கலாம். பிரியாணி ஆறிடும்."

"ஆன்ட்டி, நான் மண்டபத்துக்கு வரல," என்றேன்.

கைதட்டல் நின்றது. என் அப்பாவின் முகம் வெளுத்துப்போனது. கட்டின கையோடு பெண் மாறிவிட்டாள் என்று நினைத்திருப்பார்.

"நாங்க ரெண்டு பேரும் முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போறோம். அப்புறம் மண்டபம்."

எனக்கு ஏன் அவ்வளவு பிடிவாதம்

நர்ஸிங் படிக்கும் காலத்தில், ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் தனி வார்டில், நாய் கடித்து ஊசி போட்டுக்கொள்ளாமல் விட்ட ஒருவரைப் பார்த்திருக்கிறேன். அவருக்குத் தாகம். மனைவி தண்ணீர் டம்ளரை நீட்டினார். அதைப் பார்த்த மாத்திரத்தில் அவர் தொண்டை இழுத்துக்கொண்டது. அந்த நோய் வந்துவிட்டால் மருந்து இல்லை. வருவதற்கு முன்னால் மருந்து இருக்கிறது. இடையில் உள்ளதெல்லாம், பிறகு போய்க்கொள்ளலாம் என்கிற ஒரு பேச்சுதான்.

அந்த மனைவியின் முகம் எனக்கு மறக்கவில்லை. கல்யாணத்தன்று நானும் ஒரு மனைவி. ஆகி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

ரோஜாப் பூ கார்

கார் ஓட்டிய குமார் அண்ணா எங்கள் தெருக்காரர். காரின் முன்பக்கம் முழுக்க ரோஜாப் பூவால் அலங்கரித்திருந்தார்.

"இன்னா தங்கச்சி, மண்டபம் இந்தாண்ட கீது. நீ மேம்பாலம் ஏறச் சொல்ற."

"ஆஸ்பத்திரிக்கு அண்ணா. மாப்பிள்ளையை நாய் கடிச்சிடுச்சு."

அவர் கண்ணாடியில் டேனியலை ஏற இறங்கப் பார்த்தார். "இவரையா? அந்த நாய் எப்டி கீது?"

அடக்கி அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. சிரித்துவிட்டேன். டேனியல் சிரிக்கவில்லை. அந்தப் பெரிய உடம்பு ஜன்னலோரம் ஒடுங்கிக்கொண்டிருந்தது.

"ஷீலா, ஊசி எங்க போடுவாங்க?"

"தோள்ல."

"தொப்புளைச் சுத்தித்தானே போடுவாங்க?"

முன்சீட்டில் இருந்த ரூபி ஆன்ட்டி திரும்பினார். "ஆமா, எங்க அண்ணனுக்குச் சின்ன வயசுல அப்படித்தான் போட்டாங்க. ஊரே கேக்குற மாதிரி கத்துனான். இவனுக்கு அந்தக் கதையைச் சொல்லித்தான் சோறு ஊட்டுவேன்."

எல்லாம் விளங்கிவிட்டது. அவருடைய பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி முகாம் நடந்தால் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திவிட்டு மாஸ்டர் மட்டும் மைதானத்தில் கோடு போடக் கிளம்பிவிடுவாராம். அதையும் ஆன்ட்டிதான் சொன்னார்.

"அதெல்லாம் அந்தக் காலம்," என்றேன். "இப்ப தொப்புள் பக்கம் யாரும் வர மாட்டாங்க."

மேம்பாலத்தில் நெரிசல். பக்கத்தில் நின்ற பஸ்ஸின் ஜன்னல்களிலிருந்து எங்களைப் பார்த்துக் கையசைத்தார்கள். நான் கையசைத்தேன். மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டார்.

தோள்களைப் பார்க்கிற நோய்

நெரிசல் விலகுகிறவரை ஒரு பழைய கதை.

ஊசி போடப் பழகுவதற்கு எங்களுக்கு முதலில் கிடைத்தது ஸ்பாஞ்சு. பிறகு சாத்துக்குடி. சாத்துக்குடிக்கு வலிக்காது, எலும்பு கிடையாது, நரம்பு கிடையாது. மனிதர்களிடம் இவை மூன்றும் உண்டு என்பதுதான் பாடமே.

தோளில் போடுவது என்றால், தோளின் உச்சியில் விரலை வைத்தால் ஒரு எலும்பு முனை தட்டுப்படும். அதிலிருந்து இரண்டு மூன்று விரல் அகலம் கீழே, கையின் வெளிப்பக்கம், சதை திரண்டிருக்கும் இடம். அதற்கு மேலே போட்டால் மூட்டில் இறங்கி மாதக்கணக்கில் கை தூக்க முடியாமல் போகலாம். ரொம்பக் கீழே போனால் நரம்பு. சட்டைக் கையைச் சுருட்டி, கிடைத்த இடத்தில் குத்துகிற வேலையே கூடாது. தோள் முழுசாகத் தெரிய வேண்டும்.

விடுதியில் நானும் லதாவும் ஒருவர் தோளில் ஒருவர் விரல் வைத்து எலும்பைத் தேடிக்கொண்டே இருப்போம். அது முற்றி ஒரு நோயாகிவிட்டது. பஸ்ஸில் நின்றால் முன்னால் நிற்கிறவரின் தோளில் கண்ணாலேயே இடம் குறிப்போம். "மெல்லிசு, சின்ன ஊசி போதும்," என்பாள் லதா காதோரம். "அந்த மஞ்சள் சட்டைக்குக் கொஞ்சம் நீளமா வேணும்." இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து, இறங்க வேண்டிய பல்லாவரத்தை விட்டுவிட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்குவோம்.

வேலைக்கு வந்த பிறகு வேறு மாதிரி. எங்கள் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஊசி என்றால் பின்பக்கம்தான். பேன்ட்டைக் கொஞ்சமாக இறக்கிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றுவிடுவார்கள். அந்தப் பக்கம் காலுக்குப் போகிற பெரிய நரம்பு ஓடுகிறது. தப்பான இடத்தில் பட்டால் காலே மரத்துப்போகலாம். இடுப்பின் பக்கவாட்டில் போடுவது பத்திரம் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். "அங்க எங்கம்மா சதை இருக்கு?" என்பார்கள். ஒரு கறிக்கடைக்காரர், வலிக்கவில்லை என்பதற்காகவே என்னைச் சந்தேகப்பட்டார். "மருந்து உள்ள போச்சா, இல்ல தண்ணியா?"

பெயர் என்ன

ஆஸ்பத்திரிக் கண்ணாடிக் கதவில் என் தலையில் முக்காடாகத் தொங்கிய வெள்ளை நெட்டு மாட்டிக்கொண்டது. காய்ச்சலோடு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஏன் என்று அவர்களுக்கே தெரியாது. வெள்ளைப் பட்டில் ஒரு பெண் நுழைந்தால் எழுந்து நிற்கத் தோன்றும் போலிருக்கிறது.

லதா ஊசி அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். மதியம் அரை நாள் லீவு போட்டு மண்டபத்துக்கு வருவதாக இருந்தவள்.

"என்னடி, சாப்பாட்டுக்குக் கூப்பிட நேர்லயே வந்துட்டியா?"

விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டுக் குழாயைத் திறந்தாள். முதல் வேலை அதுதான். மஞ்சளையெல்லாம் கழுவி எடுத்து, ஓடுகிற தண்ணீரில், சோப்புப் போட்டு, கால் மணி நேரம். மாப்பிள்ளை ஒரு காலில் பாலிஷ் போட்ட ஷூவோடும் இன்னொரு காலைத் தொட்டியிலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரூபி ஆன்ட்டி அவருடைய கோட்டை மடியில் வைத்துக்கொண்டு, இவ்வளவு தண்ணீர் வீணாகிறதே என்கிற மாதிரி பார்த்தார்.

டியூட்டி டாக்டர் வந்து காயத்தைப் பார்த்தார். "ரத்தம் வந்திருக்கு. தடுப்பூசி தோள்ல. டெட்டனஸுக்கு டி.டி. ஒண்ணு இன்னொரு தோள்ல. அப்புறம் காயத்தைச் சுத்தி ஒரு மருந்து, அது நான் போடுறேன். தையல் வேண்டாம்."

ஒன்று, இரண்டு, மூன்று என்று டேனியலின் உதடுகள் அசைந்தன. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஷீலா, நீ போடு."

"நான் இன்னைக்கு லீவு."

"நீ போட்டா உக்காந்திருப்பேன். வேற யார் போட்டாலும் ஓடிடுவேன். என்னை நல்லாத் தெரியும் எனக்கு."

டாக்டர் என் கையைப் பார்த்தார். "நடுங்கலைன்னா போடு."

வளையல்களைக் கழற்றி ஆன்ட்டியிடம் கொடுத்தேன். நெட்டை லதா பின்னால் சுருட்டி ஒரு கிளிப் போட்டாள். பட்டுப் புடவைக்கு மேல் பிளாஸ்டிக் ஏப்ரன். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினேன். மருந்துக் குப்பியின் பெயரை நான் வாசிக்க, லதா வாசிக்க, காலாவதித் தேதியை இருவரும் பார்த்தோம். கலந்து, ஊசியில் ஏற்றி, தட்டில் வைத்தேன்.

"பேர் சொல்லுங்க," என்றேன்.

"என்னது?"

"பேஷன்ட் பேர் கேக்காம ஊசி போடக் கூடாது."

"இப்பதானே சர்ச்ல ஆயர் முன்னாடி சொன்னேன்."

"அது அவருக்கு. எனக்குச் சொல்லுங்க."

"டேனியல்."

"எதுக்காவது அலர்ஜி உண்டா?"

"நாய்."

லதா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின.

ஸ்டேண்ட் அட் ஈஸ்

சட்டையைக் கழற்றினார். என்ன தோள். லதாவும் நானும் இத்தனை வருடம் பஸ்ஸில் இடம் குறித்த தோள்களில் ஒன்றுகூட இப்படி இல்லை. எலும்பு முனையைத் தொட்டு, விரல்களை அளந்து வைத்தேன். சடங்குக்காக இல்லாமல் என் கணவரை நான் முதன்முதலாகத் தொட்டது அப்படித்தான்.

வழக்கமாக நாற்காலியில் உட்காரவைத்துக் கையை இடுப்பில் ஊன்றச் சொல்வோம். சதை தளர்ந்துவிடும். ஆனால் இவர் நெற்றியில் வியர்வை. உதடு வெளுத்துக்கொண்டே வந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்து இந்த உடம்பு சரிந்தால் பிடிக்க நாங்கள் மூன்று பெண்கள் போதாது. படுக்கவைத்தோம்.

ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தேன். அது காய்கிறவரை பொறுத்திருக்க வேண்டும். ஈரத்தோடு குத்தினால் எரியும். அந்தச் சில நொடிகளுக்குள் அவர் கை இரும்பாகிவிட்டது. ஊசியை அந்த இரும்பில் இறக்கினால் அவருக்குத்தான் வலி.

"கையை லூசா விடுங்க."

"லூசாத்தான் இருக்கு."

"மாஸ்டர், நீங்க அட்டென்ஷன்ல இருக்கீங்க."

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டேனியல்," என்றேன், மைதானத்துக் குரலில். "ஸ்டேண்ட் அட் ஈஸ்."

அத்தனை வருடப் பழக்கம். படுத்தபடியே கால்கள் அகன்றன. தோள் தளர்ந்து இறங்கியது. அந்த நொடியில் நேராக, ஒரே போக்கில் ஊசியை இறக்கினேன். மருந்தை மெதுவாகத் தள்ளி, போன வழியிலேயே நேராக எடுத்துப் பஞ்சை வைத்தேன்.

"எப்ப போடுவ?" என்று கேட்டார்.

"போட்டாச்சு."

அவர் என்னைப் பார்த்த பார்வையை எத்தனையோ கல்யாண ஆல்பங்களில் தேடியிருக்கிறேன். எந்த மாப்பிள்ளையிடமும் கண்டதில்லை. மூடியைத் திரும்ப மாட்டாமல் ஊசியை அப்படியே பெட்டிக்குள் போட்டேன். ஆன்ட்டி பஞ்சை வாங்கித் தேய்க்க வந்தார். "தேய்க்கக் கூடாது ஆன்ட்டி, சும்மா அழுத்தினா போதும்," என்றேன்.

"இவ்வளவுதானா?" என்றார் டேனியல். குரலில் கொஞ்சம் ஏமாற்றம்கூட இருந்தது.

டி.டி. ஊசியை மறு தோளில் போட்டேன். இந்த முறை நான் சொல்வதற்கு முன்பே அவர் தானாக ஸ்டேண்ட் அட் ஈஸுக்குப் போய்விட்டார். காயத்தைச் சுற்றிப் போடுகிற மருந்துதான் உண்மையிலேயே வலிக்கும். டாக்டர் ஒவ்வொரு பல் பட்ட இடமாகப் போட்டுக்கொண்டு வந்தபோது டேனியல் கையில் அகப்பட்டதைப் பிடித்துக்கொண்டார். அகப்பட்டது என் நெட்டு. கிழிகிற சத்தம் அறை முழுக்கக் கேட்டது. அவர் மட்டும் ஒரு சத்தமும் போடவில்லை.

அதற்குப் பிறகான ஊசிகளையும் ஒன்றுவிடாமல் போட்டுக்கொண்டார். ஆள் நன்றாக இருக்கிறார். இதை எழுதும்போது மொட்டை மாடியில் தண்டால் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

அரை மணி நேரம்

ஊசி போட்டவரை உடனே அனுப்பிவிடக் கூடாது. அரை மணி நேரம் கண் முன்னால் உட்காரவைத்துப் பார்க்க வேண்டும். யாருக்காவது மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனால் அந்த நேரத்துக்குள்தான் பெரும்பாலும் தெரியும். ஊசி அறைக்கு வெளியே, அதற்கென்றே ஒரு பெஞ்சு.

ஆன்ட்டி, மண்டபத்துக்குப் போன் போடச் சிக்னல் தேடி வாசலுக்குப் போய்விட்டார். காரில் வாடிக்கொண்டிருந்த ரோஜாக்களுக்குக் குமார் அண்ணா தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து எங்களைச் சுற்றி யாராவது இருந்துகொண்டே இருந்தார்கள். பூ வைக்க, பின் குத்த, படம் எடுக்க, ஜெபம் பண்ண. பெஞ்சில் உட்கார்ந்தபோதுதான் கவனித்தேன், பக்கத்தில் யாருமில்லை.

இரண்டு தோளிலும் பிளாஸ்திரியோடு அவர் சட்டைப் பொத்தான்களைப் போட முயன்றார். கை வரவில்லை. நான் போட்டுவிட்டேன். அப்போதுதான் என் விரல்கள் நடுங்க ஆரம்பித்தன. ஊசியின்போது இல்லாத நடுக்கம்.

"பயந்துட்டியா?" என்று கேட்டார்.

"ரொம்ப."

"எனக்குத் தெரியவே இல்ல."

"தெரிஞ்சிருந்தா ஓடியிருப்பீங்க."

அவர் சிரித்தார். அன்று முதல் முறையாக முழுசாக. அப்புறம் எதை எதையோ பேசினோம். எதிர்ச் சுவரில் இருந்த குழந்தைப் படத்துக்கு யார் ஜாடை என்று பேசினோம். ஒன்றுமில்லாத பேச்சுதான். லதா எங்கிருந்தோ இரண்டு டம்ளர் டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் பேசாமல் போனாள். தாகமாக இருந்திருக்க வேண்டும், அவர் என்னுடையதையும் சேர்த்துக் குடித்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

லதா மறுபடி வந்து, கண்ணைப் பார்த்து, நாடியைப் பிடித்து, கழுத்தில் தடிப்பு இருக்கிறதா என்று பார்த்தாள்.

"அரை மணி ஆச்சு. ஒண்ணும் இல்ல. கிளம்புங்க, மண்டபத்துல எல்லாரும் பசியோட இருக்காங்களாம்."

காரில் ஜன்னலோரம் ஒடுங்கியிருந்த அந்த மனிதர் பெஞ்சில் இன்னும் கொஞ்சம் வசதியாகச் சாய்ந்துகொண்டார்.

"சிஸ்டர், எதுக்கும் இன்னும் கொஞ்ச நேரம் பாத்துக்கலாமா? ரியாக்ஷன் ஏதாவது லேட்டா வந்துடப் போகுது."

லதா என்னைப் பார்த்தாள். வேலை தெரிந்தவள் என்ற முறையில் நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

"ஆமா லதா," என்றேன். "பாத்துக்கிறது நல்லது."